வேலைக்கும் படிப்புக்கும் இடையே

மாலை ஆறு மணிக்குப் பெங்களூரு நகரின் சாலைகள் வீடு திரும்புவோரால் நிரம்பி வழிகின்றன. அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினர் வீட்டுக்குச் செல்வதில்லை. மதிய உணவுப் பாத்திரம் இருக்கும் அதே பையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, சேஷாத்ரிபுரம் போன்ற பகுதிகளில் உள்ள மாலைக் கல்லூரிகளின் படிகளில் அவர்கள் ஏறுகின்றனர். பகலில் அவர்கள் ஆலையில் எந்திரம் இயக்குபவர்கள், கடையில் கணக்கு எழுதுபவர்கள், மருத்துவமனையில் பதிவேடு பார்ப்பவர்கள். இரவு ஒன்பது மணி வரை அவர்கள் மாணவர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் மாவட்டங்களிலிருந்து சென்று அங்கே தங்கி உழைக்கும் தமிழ் இளைஞர்களும் அவர்களிடையே உண்டு.

வேலையையும் படிப்பையும் ஒருங்கே மேற்கொள்ள இயலுமா என்று இவர்களிடம் கேட்பதில் பொருளில்லை. மேற்கொண்டே ஆக வேண்டும் என்ற நிலையில்தான் இவர்களில் பலர் இருக்கின்றனர். தந்தை வாங்கிய கடன் இருக்கும். தங்கையின் பள்ளிக் கட்டணம் இருக்கும். பட்டம் இல்லாத காரணத்தால், தமக்குப் பின் வந்தவர் தம்மைத் தாண்டி மேலே செல்வதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டையும் சேர்த்துச் சுமக்கும்போது எது முதலில் கெடுகிறது, அதைக் கெடாமல் காப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள். தொடங்குகின்ற எல்லோரும் முடிப்பதில்லை. இடையில் நின்றுபோனவர்கள் சோம்பேறிகள் என்று கூறுவது பெரும் அநீதி. பெரும்பாலும் அவர்கள் அளவுக்கு மீறி உழைத்தவர்களே.

இந்த உழைப்புக்குப் பெங்களூருவில் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அங்கே தோன்றின. இத்தகைய ஆலைகளில் பயிற்சியாளராகவும் தொழிலாளியாகவும் சேர்ந்தவர்களுக்கு, வேலையை விடாமலே மேற்கொண்டு கற்கப் பல வழிகள் இருந்தன. மாலைக் கல்லூரி ஒரு வழி. 1920-இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு மற்றொரு வழி. அதற்குக் கல்லூரி இல்லை, வகுப்பு இல்லை. அறையில் அமர்ந்து தாமே படித்து, ஏ பிரிவு, பி பிரிவு என்று தாள் தாளாக எழுதித் தேற வேண்டும். கடினமான பாதைதான். ஆயினும் தொழிலாளியாகச் சேர்ந்தவர் பொறியாளராக உயர்வதற்கு அது வாயிலாக இருந்தது. பின்னர் மென்பொருள் துறை வளர்ந்தபோதும் இந்த மரபு அறுபடவில்லை. விப்ரோ நிறுவனமும் பிலானியிலுள்ள பிட்ஸ் கல்வி நிறுவனமும் இணைந்து, அறிவியல் பட்டதாரிகள் வேலையில் இருந்தவாறே முதுநிலைப் பட்டம் பெறும் திட்டத்தை 1995-இல் தொடங்கின. வார நாட்களில் வேலை, வார இறுதியில் வகுப்பு, நான்கு ஆண்டுகள்.

இந்த மரபின் தொடக்கத்தில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் உண்டு.

விசுவேசுவரய்யா வாழ்ந்த அறை

சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் ராமையாவின் ஆதரவில் பெங்களூருக்கு வந்து, பள்ளிப் படிப்பை முடித்து, சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிச் செலவுக்குப் பணம் இல்லை. குடகு நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையை ஏற்று, அந்த வீட்டிலேயே தங்கிக் கொண்டார். அந்நாளில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. 1881-இல் பி.ஏ. தேர்வில் சிறப்பாகத் தேறினார். மைசூர் அரசின் உதவித்தொகை கிடைக்கவே, புனே சென்று பொறியியல் பயின்று, 1883-இல் பம்பாய் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். பின்னாளில் மைசூரின் திவானாக இருந்து 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தையும் 1917-இல் பெங்களூருவில் பொறியியல் கல்லூரியையும் அமைத்தவர் அவரே.

இவ்வரலாற்றைக் கூறுவோர் வழக்கமாக அவருடைய வறுமையையும் விடாமுயற்சியையும் எடுத்துரைத்து நிறுத்திக்கொள்வர். அவை உண்மையே. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் பார்த்த வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். வேலை செய்யும் இடமும் தங்கும் இடமும் ஒன்றே. வேலை நேரம் கல்லூரி நேரத்தோடு மோதாதது. செய்யும் வேலையோ கற்பித்தல். ஒன்றைப் பிறருக்கு விளங்கச் சொல்பவர் தாமும் அதை மறுமுறை கற்கிறார். ஊதியத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த இளைஞருக்கு ஏதேனும் ஒரு கடையில் இன்னும் சில ரூபாய் கிடைத்திருக்கலாம். படிப்புக்கும் பிழைப்புக்கும் இடையிலிருந்த தூரத்தைக் குறைத்ததே அந்த வேலையின் பெரும் நன்மை.

தூரம் என்ற இந்தச் சொல்லைச் சற்றுப் பற்றிக்கொள்வோம். இன்றைய பெங்களூருவில் அது வெறும் உவமை அன்று.

ஒரு வாரத்தின் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆலை வேலை 48 மணி. மாலை வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் ஐந்து நாட்களுக்கு 15. உறக்கம் ஏழு மணி வீதம் 49. உணவு, குளியல், துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல் ஆகியவை நாளுக்கு இரண்டு மணி என்றால் 14. பயணம் நாளுக்கு இரண்டரை மணி வீதம் ஆறு நாட்களுக்கு 15. இவற்றின் கூட்டுத்தொகை 141. எஞ்சுவது 27 மணி. வீட்டோடு பேசுதல், நோய், விருந்து, திருவிழா, ஓய்வு, வீட்டுப்பாடம், தேர்வுக்கான படிப்பு ஆகிய அனைத்தும் இந்த 27-க்குள் அடங்க வேண்டும். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இங்கே இருபது நிமிடம், அங்கே நாற்பது நிமிடம் என்று சிதறிக் கிடக்கிறது.

இந்த நிலையில் மாணவர்கள் முதலில் கை வைப்பது உறக்கத்தின் மீது. நாளுக்கு இரண்டு மணி உறக்கத்தைக் குறைத்தால் வாரத்தில் 14 மணி கிடைக்கும் என்பது காகிதத்தில் சரியான கணக்கு. உடலில் அது சரியாக வருவதில்லை. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வதற்கு உறக்கம் துணைசெய்கிறது. உறக்கம் குறைந்தவர் படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படிக்கிறார். எந்திரத்தின் முன் நிற்பவருக்கோ இது விரலை இழக்கும் ஆபத்து. இரு சக்கர வாகனத்தில் இரவு வீடு திரும்புபவருக்கு உயிர் ஆபத்து. ஆகவே கணக்கில் கை வைக்கக் கூடாத முதல் எண் 49.

கை வைக்கத்தக்க எண் பயணம். பயணத்தை நாளுக்கு ஒரு மணியாக்க முடிந்தால் வாரத்தில் 9 மணி மிச்சம். 27 என்பது 36 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதற்கு வாழ்க்கையில் ஒருமுறை எடுக்கும் நல்ல முடிவு போதும். ஒவ்வொரு நாளும் மனவுறுதியைக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பீன்யாவில் வேலை, யஷ்வந்தபுரத்தில் அறை என்றால், நகரின் தென்கோடியில் உள்ள பெயர்பெற்ற கல்லூரியைவிடப் பக்கத்திலுள்ள சாதாரணக் கல்லூரியே அவருக்குச் சிறந்தது. கல்லூரியின் புகழை எண்ணித் தூரத்தை ஏற்றுக்கொள்பவர், இரண்டாம் ஆண்டில் அந்தப் புகழோடு சேர்த்துப் படிப்பையும் விட்டுவிடும் நிலைக்கு ஆளாகலாம். அறை வாடகை சில நூறு ரூபாய் கூடினாலும், ஆலைக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட இடத்தில் தங்குவது பெரும்பாலும் இலாபமே.

நகரின் மெட்ரோ ரயில் இவ்வகையில் ஒரு துணை. 2011 அக்டோபரில் ஒரு சிறு பாதையாகத் தொடங்கிய அது, 2014-இல் பீன்யா பக்கத்தை எட்டி, 2025 ஆகஸ்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை சென்றுவிட்டது. நெரிசலில் நின்றுகொண்டே பயணம் செய்தாலும், எத்தனை நிமிடத்தில் இறங்குவோம் என்பது உறுதியாகத் தெரியும். அந்த உறுதியே படிப்பவருக்குப் பெரிய வரம். ஒரு பக்கக் குறிப்பைக் கையில் வைத்திருந்தால் இறங்குவதற்குள் நான்கு முறை பார்த்துவிடலாம். பேருந்திலும் பார்க்கலாம், ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் நின்றுவிட்ட பேருந்தில் மனம் குறிப்பில் நிற்பது அரிது!

உள்ளே இருக்கும் தூரம்

வெளியிலுள்ள தூரத்தைக் குறைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய தூரம் ஒன்று உள்ளே இருக்கிறது. உடல் ஓரிடத்திலும் உள்ளம் வேறோர் இடத்திலும் இருப்பதுதான் அது. வேலையில் நிற்கும்போது நாளைய தேர்வைப் பற்றிய அச்சம். வகுப்பில் அமரும்போது, மேற்பார்வையாளர் மாலையில் கூறிய கடுஞ்சொல்லின் நினைவு. எட்டு மணி வேலையில் பாதி மனம், மூன்று மணி வகுப்பில் பாதி மனம் என்றால், நாளின் இறுதியில் இரண்டிலும் பாதி வேலைதான் நடந்திருக்கும். ஆனால் களைப்பு மட்டும் முழுமையாக இருக்கும். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று நம் பாட்டிமார் கூறியது இந்த நிலையைத்தான். இரண்டு கடமைகள் இருப்பதால் வரும் களைப்பு குறைவு. ஒன்றில் இருக்கும்போது மற்றொன்றைச் சுமப்பதால் வரும் களைப்பே மிகுதி.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. வேலை முடிந்து கல்லூரி வாயிலை அடைந்ததும் நேரே வகுப்புக்குள் ஓடாமல், முகம் கழுவி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். வேலையில் மீதியிருப்பவை, நாளை மறக்கக் கூடாதவை ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட வேண்டும். எழுதிவைத்ததை மனம் மீண்டும் மீண்டும் நினைவூட்டத் தேவையில்லாமல் போகிறது. மறுநாள் காலை ஆலை வாயிலில் இதையே மாற்றிச் செய்யலாம். அங்கே எழுத வேண்டியவை படிப்பு பற்றியவை. சாதகர்கள் தியானத்துக்கு அமர்வதற்கு முன் சிறிது நேரம் மனத்தைத் திரட்டுவதை நாம் அறிவோம். படிப்பும் அத்தகைய ஒரு சாதனைதான். அதற்கும் அந்த ஐந்து நிமிட மரியாதை தேவை.

மனம் பிளவுபடுவதற்கு இன்னொரு காரணம் மறைவு. தாம் படிப்பதை அலுவலகத்தில் மறைப்பவர்கள் பலர். வேலையை விட்டுவிடப் போகிறார் என்று மேலதிகாரி எண்ணிவிடுவாரோ என்ற அச்சம். வேலை செய்வதைக் கல்லூரியில் மறைப்பவர்களும் உண்டு. இதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பொய் தேவைப்படுகிறது. இல்லாத பாட்டிக்கு நோய் வருகிறது. இருக்கும் பாட்டி இருமுறை இறக்கிறார்! சொல்லிவிட்டால் சில இடங்களில் இடைஞ்சல் வரத்தான் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மாதம் ஒரு பொய்யை நினைவில் வைத்துக் காக்கும் பாரத்தோடு ஒப்பிட்டால், முதல் நாளிலேயே மேலதிகாரியிடம் சென்று, "இந்த நாட்களில் தேர்வு வரும், அதற்கு முன்பே வேலையை முடித்துத் தருகிறேன்" என்று கூறிவிடுவது எளிது. அரசுப் பணியில் இருப்பவர்கள் துறையின் அனுமதி பெற்றே சேர வேண்டும். பின்னர்ப் பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் சேர்க்கும்போது இந்த அனுமதிதான் கேட்கப்படும்.

நேர்மை பற்றி இங்கே ஒரு சொல். வேலை நேரத்தில் மேசைக்கு அடியில் புத்தகம் வைத்துப் படிப்பது திறமை என்று சிலர் எண்ணுகின்றனர். ஊதியம் தருபவரின் நேரம் அது. வேலை இல்லாத இடைவேளையில், மேற்பார்வையாளர் அறியப் படிப்பது வேறு; அதில் குற்றமில்லை. அதேபோல, வராத வகுப்புக்கு நண்பரைக் கொண்டு வருகை சொல்லச் செய்வதும், பிறர் எழுதிய பயிற்சித் தாளைப் படியெடுப்பதும் பழைய வழக்கங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேள்வியைக் கொடுத்து விடையைப் பெற்று, படித்தும் பார்க்காமல் சமர்ப்பிப்பது புதிய வழக்கம். களைத்துப்போனவருக்கு இந்தச் சலுகை எவ்வளவு இனியது என்பது புரிகிறது. ஆனால் இவர் தம் உறக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்து வாங்க வந்தது அறிவை. அந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று கடையிலேயே வைத்துவிட்டு, பையை மட்டும் எடுத்துச் செல்கிறார். அதே செயலியிடம், விளங்காத ஒரு பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்டு, பின் தம் சொல்லில் எழுதியிருந்தால் அது அவருக்கு ஒரு ஆசிரியரைப் போல உதவியிருக்கும்.

ராமனின் பத்து ஆண்டுகள்

பெங்களூருவில் வாழ்ந்து மறைந்த மற்றொரு மாமனிதரின் வாழ்விலும் இந்த இரட்டைச் சுமை இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1907-இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் உதவிக் கணக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் கல்லூரி மாணவராக இல்லை. ஆராய்ச்சியே அவர் மேற்கொண்ட படிப்பு. 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் தோற்றுவித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் இருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே செல்வார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் கழகத்துக்கு. இரவு ஒன்பதரை, பத்துக்குத்தான் வீடு. நாளடைவில் கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபெயர்ந்தார். இரண்டுக்கும் இடையே ஒரு கதவு இருந்தது. விசுவேசுவரய்யாவின் வாழ்வில் நாம் கண்டதே இங்கும்: தூரம் குறைந்தது.

இடையில் 1909-இல் இரங்கூனுக்கும் 1910-இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். ஆய்வுக்கூடம் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. அங்கேயும் தம் ஆய்வை அவர் விடவில்லை. 1911-இல் மீண்டும் கல்கத்தா வந்தார். இத்தனைக்கும் அலுவலகப் பணியில் குறை வைத்தாரா என்றால் இல்லை. நிதித்துறை அவரைத் தன் சிறந்த அலுவலர்களுள் ஒருவராகவே கருதியது. இரண்டாம் கடமையைக் காரணம் காட்டி முதற் கடமையைக் குறைக்காத இந்தப் பண்பு, ஆய்வுத்தாள்களைவிட எனக்கு வியப்பளிக்கிறது.

ஆனால் இந்த நாட்குறிப்பைப் படிக்கும் இளைஞர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவசரமாக உண்பதற்கு உணவு தயாராக இருந்தது. அந்த வீட்டைத் தாங்கியவர் அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள். கணவர் அதிகாலை சென்று இரவு திரும்பும் இல்லத்தில், மொழி தெரியாத ஊரில், மணமான புதிதில் அவர் கழித்த நாட்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. ஒருவர் இரண்டு கடமைகளைச் சுமக்கும் வீட்டில் இன்னொருவர் மூன்றாவதைச் சுமக்கிறார். அதை உணர்ந்து ஒரு நல்ல சொல் கூறவாவது நேரம் ஒதுக்குவது அந்த 27 மணியில் முதற்செலவாக இருக்கட்டும்.

பெண்கள் படிக்கும்போது இந்தக் கணக்கு மேலும் கடுமையாகிறது. ஆயத்த ஆடை ஆலையிலோ அலுவலகத்திலோ எட்டு மணி நேரம் உழைத்து, மாலை வகுப்புக்கும் சென்று, இரவு பத்து மணிக்கு வீடு வந்து சமைக்க வேண்டியவருக்கு யார் என்ன கால அட்டவணை போட்டுத் தர முடியும்? அவருக்கு அறிவுரை தேவையில்லை. அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வதே தேவை. மகளோ மருமகளோ படிக்கிறாள் என்று பெருமையாகக் கூறும் குடும்பங்கள், அவள் வகுப்பு முடிந்து இறங்கும் நிறுத்தத்துக்கு ஒருவரை அனுப்புவதையும், வாரத்தில் ஐந்து நாட்கள் இரவுச் சமையலை ஏற்பதையும் அந்தப் பெருமையின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

ராமனின் வாழ்வில் இன்னொரு கட்டமும் உண்டு. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தது. ஊதியம் அரசுப் பணியைவிட மிகவும் குறைவு. அவர் அரசுப் பணியை விட்டார். பத்து ஆண்டுகள் இரண்டையும் செம்மையாக நடத்திக் காட்டியவர், வேளை வந்ததும் ஒன்றைத் துறந்தார். 1928-இல் கண்ட ராமன் விளைவும், 1930-இல் பெற்ற நோபல் பரிசும், 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்ததும் பிற்கால நிகழ்ச்சிகள். இரண்டையும் இறுதிவரை இழுத்துச் செல்வதே வீரம் என்று எண்ணிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடன் தீர்ந்து, உதவித்தொகை ஒன்று கிடைத்து, இறுதி ஆண்டும் நெருங்கிவிட்டது என்றால் வேலையை விட்டு முழுநேரம் படிப்பது நன்று. தந்தை படுக்கையில் விழுந்துவிட்டால் படிப்பை ஓராண்டு நிறுத்துவதும் நன்று. அதில் தோல்வி ஏதுமில்லை.

மெதுவாகப் படிப்பதற்கும் உரிமை உண்டு

மூன்று ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டில் முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேலை பார்ப்பவருக்குப் பகை. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்று ஆண்டு இளநிலைப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை இடம் தருகிறது. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. ஆலையில் ஏற்றுமதி அவசரம் உள்ள பருவத்தில் இரண்டு தாள், ஓய்வான பருவத்தில் நான்கு தாள் என்று பிரித்துக்கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2021-இல் ஏற்பட்ட மதிப்பெண் வங்கி முறையில், அதில் சேர்ந்துள்ள கல்வி நிறுவனத்தில் பெற்ற பாட மதிப்புகள் மாணவர் பெயரில் சேமிக்கப்படுகின்றன. இடையில் நின்றவர் மீண்டும் தொடர்வதற்கு வழி திறக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வழிகள் பெருகியிருப்பது போலவே குழிகளும் பெருகியுள்ளன. இதைச் சற்று அழுத்திக் கூற வேண்டியிருக்கிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி பெறாமல் தொலைநிலை வழியில் பொறியியல் பட்டங்களை வழங்கின. அவற்றில் சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள். பதவி உயர்வுக்காகப் படித்தவர்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் அவர்கள் தேற வேண்டும் என்று கூறப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாதவை ஆயின. இரவுகளை இழந்து, குழந்தைகளோடு விளையாடும் ஞாயிறுகளை இழந்து பெற்ற தாள், ஒரே நாளில் வெறும் தாளானது. அவர்களின் உழைப்பில் குறையில்லை. சேருமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. முன்பு கூறிய ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்கும் இத்தகைய எல்லை உண்டு: 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே அது மைய அரசின் வேலைவாய்ப்பில் பொறியியல் பட்டத்துக்கு நிகராக ஏற்கப்படுகிறது. அண்ணன் படித்த வழி தம்பிக்கும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே கட்டணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தில், தொலைநிலைக் கல்விக்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது. தாம் சேரும் பாடமும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். பொறியியல் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. பணியில் இருப்போர் பொறியியல் கற்க விரும்பினால், அவர்களுக்கென்று நேரத்தைத் தளர்த்தி வகுப்பு நடத்த 2023-24 முதல் தொழில்நுட்பக் கல்விக் குழு சில கல்லூரிகளுக்கு இசைவு அளித்துள்ளது. அவற்றைத் தேடிச் சேரலாம். பிறகு தம் அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்குச் சென்று, "இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வாய்மொழியாகக் கூறியவர் நான்கு ஆண்டுக்குப் பின் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

இறுதியாக, தேர்வுக்காலம் பற்றி. தொழிற்சாலையில் பணிபுரிபவருக்கு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சேர்கிறது. ஆண்டில் 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள். இதை ஊர்த் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் ஒவ்வொரு நாளாகச் செலவழித்துவிட்டு, தேர்வு வரும்போது ஊதிய இழப்பில் விடுப்புக் கேட்டு நிற்பவர்கள் பலர். ஆண்டின் தொடக்கத்திலேயே அதில் பத்து நாளைத் தேர்வுக்கென்று ஒதுக்கி, உறவினரிடமும் முன்கூட்டியே கூறிவிடலாம். ஒரு பருவத்துக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் புதிதாக எதையும் கற்க முயலக் கூடாது. மெட்ரோவிலும் மதிய இடைவேளையிலும் சேர்த்துவைத்த ஒரு பக்கக் குறிப்புகளை மீண்டும் எழுதிப் பார்ப்பதற்கே அவை போதும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். தேர்வுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போது, அங்கேயும் தெளிந்த கண்களோடு ஒருவர் வர வேண்டும் அல்லவா?